பொட்டு வைத்த வெள்ளை

ஜனவரி 3, 1957

டைரி எழுதும் பழக்கம் எனக்கில்லை. இது பொங்கியண்ணன் முதலாளி கொடுத்தது. அட்டையில் அவருடைய பஞ்சு ஜின்னிங் ஃபேக்டரியின் படம். போன வருஷம் கொடுத்ததில் என் வீட்டுக்காரி மதலேன் ரவிக்கை அளவெல்லாம் எழுதி வைத்தாள். இந்த வருஷம் தரமாட்டேன் என்று நானே வைத்துக்கொண்டேன். காரணம் இருக்கிறது.

இன்று காலை கிளப் செக்ரட்டரி சேஷாத்ரி கூப்பிட்டார். பிப்ரவரியில் எங்கள் கிளப்பில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான பில்லியர்ட்ஸ் போட்டி. இந்தப் பக்கத்தில் இதுதான் முதல் தடவையாம். சரித்திரத்தில் நிற்கும் என்று பிரசிடெண்ட் சொன்னாராம்.

இதுவரை நடந்ததெல்லாம் கனவான்களுக்கு. மேஜையைத் துடைத்து, ஸ்கோர் சொல்லி, மெம்பர்களோடு ஆடிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிற மார்க்கர் அதில் சேர முடியாது. சம்பளம் வாங்கினால் தொழில்காரன். தொழில்காரன் கனவானுக்கு எதிரே போட்டியில் நிற்கக்கூடாது. வெள்ளைக்காரன் வைத்த சட்டம். அவன் மூட்டை கட்டிப் பத்து வருஷம் ஆகிறது, சட்டம் மட்டும் ஈஸிசேரில் கால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"ஜெயிக்கிறவன் பேரை ஹால்ல இருக்கற போர்டுலயே எழுதறதுன்னு கமிட்டி தீர்மானம் பண்ணியிருக்கு. கேட்டியோ?" என்றார்.

கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன். அந்தத் தேக்குப் பலகையை நான் இந்தக் கிளப்பில் சேர்ந்த நாளிலிருந்து துடைக்கிறேன். அதில் தங்க எழுத்தில் இருக்கும் பேர்களில் பாதிப் பேருக்குக் கியூக் கோல் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது நான். மீதிப் பேர் என்னோடு ஆடி ஆடி ஜெயித்துத் தைரியம் வந்தவர்கள். அந்தப் பலகையில் 'இன்னாசிமுத்து' என்று ஒரு பேர். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

ஜனவரி 6

ஞாயிறு. பூசை முடிந்து வந்து கியூக்களுக்கெல்லாம் புது லெதர் ஒட்டினேன்.

நான் ஜெயித்தது யாருக்கும் ஞாபகமிருக்காது. மார்க்கர் ஜெயிக்கக்கூடாது. சட்டத்தில் இல்லை, ஆனால் எல்லா மார்க்கருக்கும் தெரியும். சும்மா தோற்றால் மெம்பருக்குக் கோபம் வரும், கேலி செய்கிறான் என்பார். கிட்டத்தட்ட ஜெயித்துத் தோற்கவேண்டும். பந்து மேஜையோரத்துக் குழி, அந்தப் பாக்கெட்டின் வாய் வரைக்கும் போய் நிற்கவேண்டும். நாம் "ச்சே!" என்று நெற்றியில் அடித்துக்கொள்ளவேண்டும். அந்த "ச்சே" பந்து நின்ற பிறகுதான் வரவேண்டும். ஒரு நொடி முந்தினாலும் குட்டு உடைந்துவிடும். என்னை வேலையில் வைத்த பழைய மார்க்கர் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார், கியூ பிடிக்க அப்புறம்தான்.

கடைசியில் ஒரு வார்த்தை: "இன்னிக்கு உங்க கை ராசிங்க, முதலாளி." அவ்வளவுதான் தொழில்.

ஜனவரி 14

பொங்கல். கிளப் மூடியிருந்தது. மதலேனுக்கு அரிசியில் கல் பொறுக்கிக் கொடுத்தேன். சாப்பிடும்போது அவள் பல்லில் இரண்டு கல் கடிபட்டது. கடைக்காரர்கள் இப்போது அரிசி நிறத்திலேயே கல் கலக்கிறார்கள்.

ஜனவரி 22

மேஜைத் துணியைப் பிரஷ் போட்டு, இஸ்திரி தேய்த்து, தனியாக ஒரு மணி நேரம் ஆடினேன். விளக்கு போதவில்லை. செக்ரட்டரியிடம் பல்பு மாற்றச் சொன்னேன். "போன மாசம்தானேப்பா மாத்தினோம்" என்கிறார். இந்தக் கம்பெனி பல்பு சரியில்லை.

போட்டிக்கென்று புதுப் பந்துகள் வந்திருக்கின்றன. மொத்தம் மூன்று. சிவப்பு ஒன்று, வெள்ளை இரண்டு. ஆளுக்கு ஒரு வெள்ளை. அடையாளத்துக்கு ஒரு வெள்ளையில் மட்டும் மிளகளவு கறுப்புப் பொட்டு இருக்கும். அடுத்தவன் வெள்ளையால் ஆடினால் தப்பு. ஆட்டம் போய்விடும், மானமும் போய்விடும். புதுசாகக் கியூ பிடித்த பள்ளிக்கூடத்துப் பையன்கூடச் செய்யமாட்டான்.

இந்தப் புதுப் பந்தில் பொட்டை அழுத்தமாக வைக்கவில்லை. கம்பெனிக்காரனுக்கு எழுதச் சொல்லவேண்டும்.

ஜனவரி 29

ஒரு வழி கண்டுபிடித்தேன். என் வெள்ளையைச் சிவப்பில் மோதி, என் வெள்ளையையே பாக்கெட்டில் இறக்குவது. இதற்கு இன்-ஆஃப் என்று பேர். இறங்கிய பந்தை நடுவர் எடுத்து என் கையிலேயே கொடுப்பார். எது என்னுடையது என்ற பேச்சே இல்லை. திரும்ப வைத்து, திரும்ப அடிக்கலாம். சின்னப் பையன்கள் மேஜை முழுக்க ஓடி ஓடி ஆடுகிறார்கள். அதெல்லாம் வித்தை காட்டுகிறவன் வேலை. எனக்கு ஒரு மூலை போதும்.

பிப்ரவரி 2

சாயங்காலம் பொங்கியண்ணன் முதலாளி வழக்கம்போல வந்தார். வீட்டம்மா போனதிலிருந்து அவருக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. பிள்ளைகள் ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்கிறார்கள். இவரைப் பார்த்துக்கொள்ளச் சாயங்காலத்தில் நான்தான். பதினாலு வருஷமாக என்னைத் தினமும் ஜெயித்துவிட்டுத்தான் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போகிறார்.

இன்று ஜெயித்த பிறகும் கியூவை வைக்காமல் நின்றார்.

"எனக்கு ஒரே வெசனமா இருக்குது இன்னாசி."

"ஏனுங்க முதலாளி?"

"நானே உன்னய இந்தப் போடு போடறேன். பெங்களூர்க்காரன் ஒருத்தன் வர்றானாமா, உஸ்மான் ஷெரீஃபுன்னு. அவன் உட்டுருவானா? ஏதோ நம்ம கிளப்பு மானத்தைக் காப்பாத்தற அளவுக்காச்சும் ஆடோணும், ஆமா."

"முயற்சி பண்றேனுங்க" என்றேன்.

நல்ல மனுஷன். அவர் கார் போகும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து மதலேனிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "பாவமுங்க அவரு" என்றாள்.

பிப்ரவரி 18

போட்டி தொடங்கியது. எட்டுப் பேர். சென்னை, பெங்களூர், மைசூர், கொச்சி, எல்லாரும் மார்க்கர்கள். வாசலில் வாழைமரம் கட்டி, போலீஸ் பேண்டு வைத்து, கலெக்டர் வந்து ரிப்பன் வெட்டினார். நாங்கள் எட்டுப் பேரும் சமையலறை வழியாக உள்ளே போனோம். முன்வாசல் மெம்பர்களுக்குத்தான், அதை மாற்றக் கமிட்டிக்கு நேரமில்லையாம். ஆட்டத்துக்கு நடுவில் உட்கார எங்களுக்கு ஒரு பெஞ்சு. மதியச் சாப்பாடு பின்கட்டில், தையல் இலையில்.

சரித்திரம் எங்களைப் பின்கதவு வழியாகத்தான் உள்ளே விட்டது.

கொச்சிக்காரனை ஜெயித்தேன். கடைசிப் பந்தை விட்டுக்கொடுக்கக் கை தானாகவே தளர்ந்தது. இத்தனை வருஷப் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன்.

பிப்ரவரி 20

அரையிறுதி ஜெயித்தேன். முட்டி வலி. மதலேன் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள்.

பிப்ரவரி 23

ஜெயித்துவிட்டேன்.

உஸ்மான் ஷெரீஃப் பெரிய ஆட்டக்காரர். மேஜையைச் சுற்றி அவர் நடப்பதே அழகு. சாயங்காலம் நாலு மணி வரைக்கும் அவர்தான் முன்னால் இருந்தார். பிறகு எனக்குச் சிவப்பு நடுவில் கிடைத்தது. ஆரம்பித்தேன். இன்-ஆஃப், இன்-ஆஃப், இன்-ஆஃப். நடுவர் பந்தைக் கையில் கொடுப்பார், வைப்பேன், அடிப்பேன். இடையிடையே ஒரே அடியில் சிவப்பையும் இன்னொரு வெள்ளையையும் தொட்டு ஒரு கேனன் அடித்தே தீரவேண்டும் என்று விதி. இரண்டு வெள்ளையும் கிட்டக்கிட்ட நின்றுவிடாமல் இருக்க ஒவ்வொரு தடவையும் அந்தோணியாரை வேண்டிக்கொண்டேன். நிற்கவில்லை.

முடிந்ததும் ஷெரீஃப் வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். "பாய், ஒரே மூலையிலே நின்னு என்னைக் கொன்னுப்புட்டீங்களே" என்றார். அப்புறம் என் முகத்துக்குக் கிட்டே வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மெம்பர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். பொங்கியண்ணன் முதலாளியின் கைதட்டல் எனக்குத் தனியாகத் தெரியும், மோதிரம் மோதும். முதலில் கேட்டது. பிறகு கேட்கவில்லை. வெற்றிலை போட வெளியே போயிருப்பார்.

பிப்ரவரி 24

பேப்பரில் வந்திருக்கிறது. அச்சு மோசம், அதனால் மதலேனைப் படிக்கச் சொன்னேன். 'கோவை மார்க்கரின் புதுமையான பாணி' என்று போட்டிருக்கிறார்கள். மூன்று தடவை படித்தாள்.

மார்ச் 1

இந்த வாரம் ஒருவரும் என்னோடு ஆடவில்லை. ஹாலுக்கு வருகிறார்கள், தங்களுக்குள் ஆடுகிறார்கள். ஸ்கோர் சொல்ல மட்டும் நான்.

செக்ரட்டரி கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஏன் இன்னாசி, இத்தனை வருஷமா எங்களையெல்லாம் என்னன்னு நெனச்சுண்டிருந்தே?"

"புரியலீங்களே."

"டாக்டர் உன்னைப் போன வருஷம் மூணு தடவை ஜெயிச்சார். வக்கீல் ஜெயிச்சார். நானே ஜெயிச்சிருக்கேன்! ஷெரீஃபை அந்த அடி அடிக்கறவன் எங்கிட்ட தோப்பானா? குழந்தைக்கு விளையாட்டுக் காட்டற மாதிரி காட்டியிருக்கே. டாக்டர் என்ன சொல்றார் தெரியுமோ? இனிமே கியூவையே தொடமாட்டேங்கறார்."

ஜெயித்திருந்தால் பத்து வருஷம் முன்பே சீட்டைக் கிழித்திருப்பார்கள். தோற்றதற்கு இப்போது ஒதுக்கி வைக்கிறார்கள். ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல் என்பார்கள். இவர்களுக்கு மார்க்கர் கோணல்.

பொங்கியண்ணன் முதலாளி இந்த வாரம் வரவேயில்லை. பருத்தி சீசன்.

மார்ச் 6

சாம்பல் புதன். நெற்றியில் பூசிக்கொண்டு வந்தோம். நாற்பது நாளைக்குக் கறி கிடையாது.

மார்ச் 11

முதலாளி வரவில்லை. அவருடைய டிரைவர் கடைத்தெருவில் எதிர்ப்பட்டான். சாயங்காலமெல்லாம் வீட்டிலேயே ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறாராம். சீசன் முடிந்த களைப்பாக இருக்கும்.

மார்ச் 15

பெயிண்டர் வந்துவிட்டார்! பலகையைக் கழற்றி வராந்தாவில் வைத்து, அரை நாள் எழுதினார். வார்னிஷ் வாசனை ஹால் முழுக்க. அவர் எழுதும்போது பக்கத்தில் நிற்கக் கூச்சமாக இருந்தது, கல்யாண மாப்பிள்ளை பந்திக்கு முன்னால் சமையல்கட்டில் எட்டிப் பார்ப்பதுபோல. சாயங்காலம் மாட்டின பிறகுதான் போனேன். கடைசி வரி. புதுத் தங்கம், பழைய வரிகளைவிடப் பளபளப்பு. பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்த வழியாக வந்த பட்லர் நாயர் என் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனார். பொறாமை யாரை விட்டது.

யார் என்னோடு ஆடாவிட்டால் என்ன. பேர் ஏறிவிட்டது. இனி அவர்களாலும் அழிக்க முடியாது.

மார்ச் 27

தினமும் காலையில் மஞ்சள் துணியால் பலகையைத் துடைக்கிறேன். மற்றப் பேர்களுக்கு ஒரு தடவை, கடைசி வரிக்கு இரண்டு தடவை. மதலேன் பார்க்கவேண்டும் என்கிறாள். பெண்பிள்ளைகள் ஹாலுக்குள் வரக்கூடாது. "எப்படிங்க இருக்குது?" என்று கேட்டாள். பெரிய எழுத்து, நடுவில், என்று சொன்னேன்.

ஏப்ரல் 2

புதுக் காசு வந்திருக்கிறது. நயா பைசா. எது எத்தனை என்று யாருக்கும் விளங்கவில்லை. மார்க்கெட்டில் ஊரே காசைத் தடவித் தடவித்தான் கொடுக்கிறது. எனக்கு ஒரு கஷ்டமும் தெரியவில்லை.

ஏப்ரல் 9

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாயங்காலம் முதலாளி வந்தார். ஒன்றரை மாசம் கழித்து. குரல் இளைத்திருந்தது. ஹாலில் வேறு யாருமில்லை. கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுக்கவில்லை, தானே மாட்டினார்.

"இன்னாசி, ஒரே ஒரு ஆட்டம். பதினாலு வருஷத்துல ஒரே ஒரு தடவை நெசமா ஆடு. நான் தோத்தாத் தோத்துட்டுப் போறேன். ஆனா நெசமா ஆடு."

"சரிங்க."

"உன்ற புள்ளயாட்டம் நெனச்சு விளையாட்டுக் காட்டாதே. என்ற வயசுக்கு அது தாங்காது."

"இல்லீங்க முதலாளி. நெசமாவே ஆடறேனுங்க."

ஆடினேன். ஆண்டவர் சாட்சியாக, ஜெயிக்கத்தான் ஆடினேன். முதலாளியும் அன்று நன்றாக ஆடினார். கோபத்தில் ஆடுகிற ஆட்டம், கை திடமாக இருந்தது. அவர் ஒரு கேனன் அடித்தார். மூன்று பந்தும் மேஜையின் மேல் விளிம்புக் குஷன் ஓரத்தில் சேர்ந்து நின்றன. அடுத்ததைத் தவறவிட்டார். என் முறை.

குனிந்தேன். சிவப்பு தெரிந்தது. பக்கத்தில் இரண்டு வெள்ளை. பொட்டு எதில் என்று பார்த்தேன். குனிந்து பார்த்தேன், நிமிர்ந்து பார்த்தேன். இரண்டும் பஞ்சுருண்டை. பந்தைக் கையால் தொடக்கூடாது, தொட்டால் தப்பு. அவர் அடித்த பந்து எந்தப் பக்கம் ஓடியது என்று யோசித்தேன். வலது என்று தோன்றியது. இடதுபக்கத்து வெள்ளையால் அடித்தேன்.

பிறகு அவர் கியூ மேஜைமேல் விழுந்த சத்தம்.

"என்ற பந்தால அடிக்கிறயா?"

குனிந்து இன்னொரு தடவை பந்தைப் பார்த்தேன்.

"இவ்வளவு கேவலமாவா தோப்பே, இன்னாசி? முந்தியாச்சும் கிட்டக் கொண்டு போயி உட்டுக்குடுத்தே. அதுல ஒரு மரியாதை இருந்துச்சு. இப்ப, கெழவன் எதக் குடுத்தாலும் வாங்கிக்குவான்னு, என்ற பந்தையே எடுத்து..." அவருக்கு மூச்சு வாங்கியது.

"முதலாளி, வேணும்னு பண்ணலீங்க. என்ற கண்ணு தெரியறதில்லீங்க."

முதல்முறையாக அதை வாயால் சொன்னேன். மதலேனிடம்கூடச் சொன்னதில்லை. இந்த டைரியைக்கூடக் கைப்பழக்கத்தில்தான் எழுதுகிறேன்.

அவர் சிரித்தார். "பிப்ரவரில சாம்பியன். ஏப்ரல்ல கண்ணு தெரியல. நெம்ப நல்லா இருக்குதப்பா."

"அப்பவே தெரியலீங்க. இன்-ஆஃபா ஆடினா நடுவரு பந்தைக் கையில குடுத்துருவாருங்க. அதுக்குத்தானுங்க அப்படி ஆடினேன்."

"போதும் நிறுத்து. இன்னும் எத்தனை நாளைக்குடா என்னய ஏமாத்துவே?"

எனக்கு அழுகை வந்தது. இந்த மனுஷனிடம் பதினாலு வருஷம் பொய்யாகத் தோற்றேன், ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. முதல் உண்மையைச் சொன்னேன், நம்பவில்லை. எதன் மேல் சத்தியம் செய்வது? கையை நீட்டிப் பலகையைக் காட்டினேன்.

"அதோ, அங்க தங்க எழுத்துல இருக்குதுங்களே என்ற பேரு. நான் சம்பாரிச்சது அது ஒண்ணுதானுங்க. தினமும் என்ற கையால தொடைக்கிறேன். அந்தப் பேரு மேல சத்தியமா, கண்ணு தெரியலீங்க."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. உட்கார்ந்தார் போல.

"இன்னாசி." குரல் வேறு மாதிரி இருந்தது. "அந்தக் கடைசி வரிய எனக்குப் படிச்சுக் காட்டு."

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு, இன்னாசிமுத்துங்க."

"கிட்டப் போயிப் படி."

போனேன். மூக்கு பலகையில் இடிக்கும்வரை போனேன். பளபளப்பு இருந்தது. எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று கரைந்து கிடந்தன. விரலால் தடவினேன். வழவழவென்றிருந்தது.

"உன்ற பேரு அதுல இல்ல இன்னாசி" என்றார். "'தொழில்முறைப் போட்டி, 1957'ன்னு போட்டு, கோப்பை குடுத்த பிரசிடெண்டு பேரு எழுதியிருக்குது. மார்ச் மாசம் பிரசிடெண்டு வீட்டுல கூடுன கமிட்டில முடிவு பண்ணுனாங்க. மார்க்கர் பேரு மெம்பருங்க பேரோட வேண்டாமுன்னு."

நான் மஞ்சள் துணியைத் தேடினேன். எதற்கென்று தெரியவில்லை, தேடினேன்.

"அதுக்குக் கைய முதல்ல தூக்குனது நான்தான்" என்றார்.

ஏப்ரல் 10

மதலேனிடம் சொன்னேன். கண் விஷயத்தை. "எனக்குப் பொங்கலுக்கே தெரியுமுங்க" என்றாள். "நீங்களாச் சொல்லோணும்னு இருந்தேன்." பலகை விஷயத்தைச் சொல்லவில்லை. பெரிய எழுத்து, நடுவில் என்றே இருக்கட்டும்.

இன்று பலகையைத் துடைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 11

முதலாளி செக்ரட்டரியிடம் வாய் திறக்கவில்லை என்று தெரிகிறது. செக்ரட்டரி பழையபடி பல்பு கணக்கைத்தான் கேட்டார். புரையாக இருக்கும், பெரிய ஆஸ்பத்திரியில் எடுக்கலாம், கண்ணாடி தடியாகப் போடவேண்டியிருக்கும் என்று மதலேன் யாரிடமோ விசாரித்து வந்திருக்கிறாள். அந்தக் கண்ணாடியோடு யாரும் மார்க்கராக நின்று நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 12

சாயங்காலம் முதலாளி வந்தார். கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பழையபடி.

ஆடினோம். என் முறை வரும்போதெல்லாம் மெதுவாக, வேறு யாரோடோ பேசுவதுபோலச் சொன்னார்: "உன்றது வலப்பக்கம்." "உன்றது சிவப்புக்கு அக்கட்ட." நான் அடித்தேன். சில விழுந்தன.

கடைசியில் அவருக்கு ஒரு சுலபமான பந்து கிடைத்தது. சிவப்பு பாக்கெட் வாயிலேயே நிற்கிறது என்று அவரேதான் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் விழும். ஜெயிக்க அது ஒன்று போதும். அடித்தார். எனக்குக் கண் போனாலும் காது இருக்கிறது. பந்து துணிமேல் இன்னும் உருண்டுகொண்டிருந்தது. குஷனைக்கூடத் தொடவில்லை.

அதற்குள் "ச்சே!" என்றார்.

பதினாலு வருஷம் என்னிடமிருந்து வாங்கியும் அவருக்கு அது கைவரவில்லை. உடம்பெல்லாம் கூசியது. கியூவை மேஜைமேல் போட்டுவிட்டு வெளியே போய்விடலாமா என்று இருந்தது. போகவில்லை. அவர் சொல்லிக்கொடுத்த இடத்தில் நின்று என் பந்தை அடித்தேன். விழுந்தது. ஆட்டம் எனக்கு.

அவர் வந்து என் தோளில் கை வைத்தார்.

"இன்னிக்கு உன்ற கை ராசி, இன்னாசி."

"ஆமாங்க முதலாளி" என்று சொல்லிவிட்டு, அவருடைய கோட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.